அடுத்த குறிஞ்சி வரை உங்கள் ஊதா தாங்குமா? கொடைக்கானலில் வண்ணங்களை வெயிலுக்கு வைத்துச் சோதிக்கும் முறை

2018-இல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானலில் தூரிகை பிடிக்கத் தெரிந்த எல்லோரும் ஊதா டியூப் வாங்கினோம். நானும் ஆறேழு படம் வரைந்தேன். அதில் ஒன்றை, வட்டக்கானல் போகிற வழியில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு அக்கா வாங்கி, வரவேற்பறையில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். நான்கு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, நீ வரைஞ்சது குறிஞ்சிதானே? வர்றவங்க எல்லாம் இது என்ன, மூடுபனியான்னு கேக்குறாங்க."

எழுந்து போய்ப் பார்த்தேன். சரிவு முழுக்க இருந்த ஊதா, சாம்பல் கலந்த வெளிர்நீலமாகியிருந்தது. படத்தைக் கழற்றி, சட்டத்தை எடுத்துப் பார்த்தால், விளிம்புக்கு அடியில் வெளிச்சமே படாத கால் அங்குலத்தில் மட்டும் 2018 அப்படியே இருந்தது. அந்தக் கால் அங்குலத்தைப் பார்த்த பிறகுதான் டியூபின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

மலையில் புதிதாக வரைந்து விற்கத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒளித்தாங்குதிறன் என்று பாடத்தில் சொல்வார்கள், கடையில் "கலர் நிக்குமா?" என்று கேட்பதும் இதைத்தான். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கிறது. 2006, 2018, அடுத்தது 2030. ஒரு பூப்பின் படம் அடுத்த பூப்பு வரையாவது நிற்க வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல். அருங்காட்சியகக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், அவர்கள் நூறு வருடக் கணக்கில் பேசுகிறவர்கள். காசு கொடுத்து வாங்கிய அக்காவுக்கு 12 வருடமாவது நாம் பதில் சொல்ல வேண்டாமா?

முதலில் டியூபைத் திருப்புங்கள்

என் பழைய ஊதா டியூப் பாதி காய்ந்து டப்பாவின் அடியில் கிடந்தது. முன்பக்கம் 'வயலட்'. பின்பக்கம் தயாரித்த தேதி, விலை, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் வரி. உள்ளே என்ன நிறமி என்பது மட்டும் இல்லை. அதுவே ஒரு பதில்தான். நிறமிக் குறியீடு போடாத டியூபை விற்பனைப் படத்துக்குத் தொடாதீர்கள். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறியீடு என்பது 'கலர் இண்டெக்ஸ்' எண். முதல் எழுத்து 'பி' என்றால் பிக்மென்ட், அதாவது நிறமி. அடுத்த எழுத்து நிறம்: ஆர் சிவப்பு, ஒய் மஞ்சள், பி நீலம், வி ஊதா, ஜி பச்சை. பிறகு ஓர் எண். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். எந்தக் கம்பெனி என்ன பேர் வைத்து விற்றாலும் அது அல்ட்ராமரின்தான். டியூபின் பெயர் விளம்பரத்துக்கு, எண்ணோ உள்ளே இருக்கும் பொருளுக்கு. 'குறிஞ்சி வயலட்' என்று நாளை யாராவது பெயர் வைக்கலாம், யார் தடுப்பது? நீங்கள் எண்ணைப் பாருங்கள்.

ஊதாவை எடுத்துக்கொள்வோம், நம்முடைய தலைவலி அதில்தானே. பி.வி. 3 என்று இருந்தால் அது மெத்தில் வயலட் சாயத்தைக் கரையாத பொடியாக மாற்றிச் செய்த 'லேக்' நிறமி. பார்க்க மயக்கும், வெயிலில் நிற்காது. ரோடமின் வகைச் சாயங்களும், கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்புகளும் அதே கதி. பி.வி. 23, டையாக்சசின் ஊதா, நடுத்தரம்: அடர்த்தியாகப் பூசினால் நன்றாக நிற்கும், தண்ணீர் கலந்து மெல்லியதாகப் பூசினால் சந்தேகம், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பி.வி. 14 கோபால்ட் ஊதா, பி.வி. 15 அல்ட்ராமரின் ஊதா, பி.வி. 16 மாங்கனீஸ் ஊதா மூன்றும் கனிம நிறமிகள், வெயிலைத் தாங்குபவை. ஆனால் கோபால்ட் விலை கையைச் சுடும், மாங்கனீஸ் ஊதாவுக்கு நிறமேற்றும் வலு குறைவு. எனவே நான் இப்போது குறிஞ்சிக்கு டியூப் ஊதாவே வாங்குவதில்லை. பி.பி. 29 அல்ட்ராமரின், பி.வி. 19 குயினாக்ரிடோன் ரோஸ், இரண்டையும் தட்டில் கலந்துகொள்கிறேன். பழைய மெத்தில் வயலட்டின் பளீர் என்ற அடி இதில் வராது. உண்மையான குறிஞ்சிச் சரிவிலும் அந்தப் பளீர் கிடையாது, கொஞ்சம் தூரத்தில் நின்று பாருங்கள்.

சிவப்பில் ஒரு பேர்போன வில்லன் உண்டு: அலிசரின் கிரிம்சன், பி.ஆர். 83. மஞ்சிட்டி வகை வேர்களில் இருக்கும் சாயப்பொருளை 1868-இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள், அதன் வாரிசு இது. இன்றும் பல பாடத்திட்டங்களில் 'அடிப்படை வண்ணம்' என்ற பட்டியலில் இருக்கிறது. மெல்லிய பூச்சில் வெளுக்கும். 'பெர்மனென்ட் அலிசரின்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் உள்ளே வேறு நிறமி. அது நல்லதுதான், எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வண்ணம் எவ்வளவு தாங்கும் என்று காட்ட டியூபில் நட்சத்திரமோ கூட்டல் குறியோ போட்டிருப்பார்கள். ஒரு கம்பெனியின் மூன்று நட்சத்திரமும் இன்னொன்றின் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி 4303 சோதனைமுறைப்படி ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று அச்சிட்டிருந்தால் நம்பலாம். ஒன்று மிக நன்று, ஐந்து மிக மோசம். நீலக் கம்பளி என்று இன்னொரு அளவுகோல் உண்டு, பின்னால் விளக்குகிறேன்; அதில் இதற்கு நேர் எதிர்: 1 மோசம், 8 நன்று. புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். நான் ஒரு வருடம் குழம்பினேன்.

இரண்டு மூன்று நிறமி கலந்த டியூப் என்றால் அதில் பலவீனமானதுதான் உங்கள் ஆயுளைத் தீர்மானிக்கும். மஞ்சளும் நீலமும் கலந்த பச்சையில் மஞ்சள் ஓடிப்போனால் சோலைக்காடு முழுக்க நீலமாக நிற்கும். பஜாரில் சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய சிகை அலங்காரப் போஸ்டரைக் கவனித்திருப்பீர்களே, எல்லா மாடல்களும் நீலம் பாரித்துப்போய் இருப்பார்கள். அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய்விட, தாலோசயனின் நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சியதன் விளைவு அது. பைசா செலவில்லாத ஒளித்தாங்குதிறன் ஆய்வு, சலூன்காரருக்கே தெரியாமல் வருடக்கணக்கில் நடக்கிறது.

ஏன் சிலது ஓடுகிறது, சிலது நிற்கிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். கரிமச் சாயங்களில் நிறம் என்பது மூலக்கூறில் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறிமாறி வரும் நீண்ட தொடரிலிருந்து வருகிறது. ஒளித்துகள், அதிலும் புறஊதா, அந்தத் தொடரை ஓரிடத்தில் உடைத்தால் போதும். காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் கூடச் சேர்ந்துகொள்ளும். கோயில் மதிலின் காவிப் பட்டையில் அப்படி உடைய ஒன்றுமில்லை. அது இரும்பு ஆக்சைடு, அந்த நிறம் இரும்பு அயனியும் படிகக் கட்டமைப்பும் தருவது. மழையில் கரைந்து உதிரலாம், வெயிலில் வெளுக்காது.

நிறமித் துகள் வெளிப்புறத்திலிருந்து உள்ளே தேயும். அதனால் பருமனான பூச்சு பிழைக்கிறது, தண்ணீர் போல நீர்த்த பூச்சு சாகிறது. வாட்டர்கலர்காரர்கள் ஆயில்காரர்களைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய காரணம் இதுதான்.

கனிமம் என்றாலே பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். வான்கோ ஆசையாகப் பயன்படுத்திய குரோம் மஞ்சள், கறுத்துப் பழுப்பாகிறது. ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாகக் குறைவதே காரணம் என்று 2011-இல் சின்குரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் எக்ஸ்கதிர் கொண்டு காட்டினார்கள். அவருடைய படுக்கையறை ஓவியத்தில் இன்று நீலமாகத் தெரியும் சுவர்கள் முதலில் ஊதாவாக இருந்தவை. சிவப்பு ஓடி, நீலம் மிஞ்சியது. என் குறிஞ்சிக்கும் அதே கதி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

பட்டை போடுங்கள்

இனி வேலை. நீங்கள் விற்கும் படத்துக்கு எந்தக் காகிதமோ அதே காகிதத்தில் சோதியுங்கள். 300 ஜி.எஸ்.எம். காட்டன் காகிதத்தில் படம் போட்டுவிட்டு, சோதனையை ஸ்கூல் சார்ட்டில் செய்தால் காகிதம் மஞ்சளாவதையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டு சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளம் ஒரு பட்டை. இடது முனையில் டியூபிலிருந்து வந்தபடி அடர்த்தியாக. தூரிகையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வலது முனைக்கு வரும்போது வெறும் நிழலாக. உங்கள் படத்தில் வானமும் தொலைதூரச் சரிவும் அந்த வலது முனை நிறத்தில்தான் இருக்கும், அதனால் அதுதான் முக்கியமான முனை. வாட்டர்கலர் என்றால் இரண்டு நாள், அக்ரிலிக் என்றால் ஒரு வாரம் காயட்டும். ஆயில் குறைந்தது ஒரு மாதம். கொடைக்கானல் மழைக்காலத்தில் அதற்கும் மேல்.

பின்பக்கத்தில் பெயர், குறியீடு, தேதி எல்லாம் பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அந்த மையிலும் மெத்தில் வயலட் குடும்பம்தான் பெரும்பாலும். என் முதல் சோதனையில் எந்தப் பட்டை எது என்று எழுதிய எழுத்தே பட்டைகளுக்கு முன்னால் வெளுத்துவிட்டது.

ஒவ்வொரு பட்டையையும் நீளவாக்கில் மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி வெயிலுக்கு. இன்னொன்று அதே அட்டையில், பக்கத்திலேயே, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளால் மூடி. மூன்றாவதைத் தனியாக வெட்டி, உறையில் போட்டு மேசை இழுப்பறையில். நடுவில் ஏன் மூடிய பகுதி? மலையில் ஈரம் பெரிய ஆள். மூடிய பகுதிக்கு வெயில் கிடையாது. ஆனால் ஏறத்தாழ அதே சூடு, அதே ஈரம். மூடியதும் இழுப்பறையில் இருந்ததும் வித்தியாசப்பட்டால் குற்றவாளி வெளிச்சமில்லை, ஈரமோ சூடோ என்று பிடித்துவிடலாம். 

இதை ஒதுக்கிவிட முடியாது. நார்வே ஓவியர் முங்க் 1910 வாக்கில் வரைந்த 'அலறல்' ஓவியத்தில் காட்மியம் மஞ்சள் வெளுத்து உதிர்வதை ஆராய்ந்தவர்கள், முக்கியக் காரணம் ஈரப்பதம், வெளிச்சம் அவ்வளவு இல்லை என்று 2020-இல் சொன்னார்கள். காட்மியம் சல்பைடு ஈரத்தில் சல்பேட்டாக மாறுகிறது. ஜூலையில் அலமாரிக்குள் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும் ஊரில் இருக்கும் நமக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி.

எந்த ஜன்னல், எந்த மாதம்

பொங்கல் முடிந்த கையோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் காலம். தெற்குப் பார்த்த ஜன்னல் வேண்டும். தையிலும் மாசியிலும் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் நேரே உள்ளே விழும். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் அவர் நம் உச்சிக்கு மேலே வந்துவிடுவார், பிறகு தெற்கு ஜன்னலுக்கு வெயில் வராது. ஆக உங்களுக்குக் கிடைப்பது மூன்று மாதம். ஜூனில் ஆரம்பித்தால் மூடுபனியைத்தான் சோதிப்பீர்கள்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புறஊதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர். அடிவாரத்து வத்தலக்குண்டில் வெயில் சுடுகிறது, இங்கே குளிர்கிறது என்பதால் இங்கே வண்ணம் பத்திரம் என்று நினைப்பது தப்பு. சட்டையைக் கழற்றாமலே தோல் கறுப்பது மேலேதான் அதிகம். வெள்ளைக்காரர்கள் 1899-இல் சூரியனைப் படிப்பதற்கென்றே வானாய்வகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த மலையில் வைத்தது சும்மா இல்லை. 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கே இருந்துதான். அந்தத் தெளிந்த வெளிச்சம் விஞ்ஞானிக்கு வரம், வாட்டர்கலருக்கு எமன்.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் வையுங்கள். கண்ணாடி புறஊதாவின் கடுமையான பகுதியை நிறுத்தி, மிச்சத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். உங்கள் படமும் கண்ணாடிக்குப் பின்னால்தானே வாழப்போகிறது. ஆனால் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிவிடாதீர்கள். தை மாத இரவில் கண்ணாடி வியர்க்கும். விடிந்து பார்த்தால் பட்டைகள் ஒன்றோடொன்று வழிந்து கிடக்கும். நான்கு விரல் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி விடுங்கள்.

நீலக் கம்பளி என்ற கடிகாரம்

எத்தனை நாள் வைத்தோம் என்பது ஒரு கணக்கே இல்லை. மேகம் வந்த நாள், ஜன்னலை மறைத்து அம்மா துணி காயப்போட்ட நாள் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். அதற்குத்தான் நீலக் கம்பளித் துண்டு. எட்டு நீலச் சாயங்களில் தோய்த்த எட்டுக் கம்பளித் துணிக் கீற்றுகள் ஒரு அட்டையில் இருக்கும். 1-ஆம் எண் சீக்கிரம் வெளுக்கும். அடுத்தடுத்த எண் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு நேரம் தாங்கும். உங்கள் பட்டையோடு அதையும் பாதி மூடி வையுங்கள். உங்கள் ஊதா வெளுத்த அன்று எந்த எண் கீற்று வெளுத்திருக்கிறதோ, அதுதான் உங்கள் ஊதாவின் எண்.

ஓவியக் கடையில் இதைக் கேட்டால் முழிப்பார்கள். திருப்பூர், கோவைப் பக்கம் ஜவுளியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேளுங்கள். ஏற்றுமதி பனியனுக்குச் சாயம் நிற்குமா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 105 வரிசைச் சோதனையில் இதே கம்பளியைத்தான் வெயில் போன்ற ஒளி தரும் செனான் விளக்கின் கீழ் வைக்கிறார்கள். கோவையில் சிட்ரா போன்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் இந்தச் சொல் அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. முழு அட்டை விலை கூட. இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கி, கீற்றுகளைக் குறுக்கே நறுக்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இப்போது அக்காவின் சுவருக்கு வருவோம். வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். போனில் இலவச ஆப் உண்டு, துல்லியமில்லை, ஆனால் போதும். அவர் சுவரில் பகலில் சராசரி 300 லக்ஸ், தினம் 10 மணி நேரம் என்று வைப்போம். ஒரு நாளுக்கு 3,000 லக்ஸ்-மணி. வருடத்துக்குச் சுமார் 11 லட்சம். 12 வருடத்துக்கு 1.3 கோடி. புறஊதாவும் சேர்ந்த பகல் வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரியும் முதல் மாற்றம் வர ஒவ்வொரு கம்பளிக்கும் தேவைப்படும் அளவு ஏறத்தாழ இப்படி: 1-க்கு 2.2 லட்சம், 2-க்கு 6 லட்சம், 3-க்கு 15 லட்சம், 4-க்கு 35 லட்சம், 5-க்கு 80 லட்சம், 6-க்கு 2 கோடி. ஆக அந்தச் சுவரில் அடுத்த குறிஞ்சி வரை மாறாமல் நிற்க 6-ஆம் எண் நிறமி வேண்டும். 1-ஆம் எண் நிறமி 73 நாளில் கைகாட்டத் தொடங்கிவிடும். ஜன்னலில் புறஊதா வடிகட்டும் படலம் ஒட்டினால் 5-ஆம் எண்ணின் தாங்கும் அளவு 80 லட்சத்திலிருந்து 3 கோடிக்கு ஏறும், அதுவே போதும் என்றாகிவிடும். ஆனால் 1-ஆம் எண்ணுக்குப் படலம் பெரிதாக உதவாது, 2.2 லட்சம் 3 லட்சமாகும், அவ்வளவுதான். சொத்தை நிறமியைக் கண்ணாடி காப்பாற்றாது.

தெற்கு ஜன்னலில் நல்ல வெயிலில் 50,000 லக்ஸ், ஐந்து மணி நேரம் என்றால் ஒரே நாளில் 2.5 லட்சம். அந்தச் சுவரின் 12 வருடம், இங்கே 53 நல்ல வெயில் நாளில் முடிந்துவிடுகிறது. பொங்கலுக்கு வைத்தால் பங்குனியில் விடை கிடைக்கும் என்பதன் கணக்கு இதுதான். வெயிலோடு வரும் சூடு சில நிறமிகளைக் கூடுதலாகத் தாக்கும், அதனால் இதை முகூர்த்த ஜாதகம் போல எடுத்துக்கொள்ளாமல் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதும் குறிப்பதும்

வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தாளை விலக்கி, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள், நிறத்துக்கு ஞாபகமே கிடையாது. பக்கத்துப் பக்கம் வைத்தால் மனிதக் கண்ணை மிஞ்சும் கருவி குறைவு.

போட்டோ எடுப்பதானால் மூடுபனி மூடிய நேரத்தில், வெளியே, ஒரே இடத்தில். அந்தச் சீரான வெளிச்சத்துக்கு ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுக்கிறார்கள், நமக்குச் சும்மா வருகிறது. கேமரா தானாக நிறத்தைச் சரி செய்யும் வசதியை நிறுத்திவிட்டு, பட்டைகளோடு ஒரு சாம்பல் அட்டையும் சேர்ந்து படத்தில் விழட்டும். இல்லாவிட்டால் வெளுத்த ஊதாவை போன் தானே திருத்திக் காட்டிவிடும்.

எண்ணில் வேண்டுமென்றால் கையடக்க நிறமானி. அது ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண் தரும்: எவ்வளவு வெளிச்சம், பச்சை-சிவப்பு அச்சில் எங்கே, நீலம்-மஞ்சள் அச்சில் எங்கே. முன்னும் பின்னும் உள்ள வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது டெல்டா-ஈ. ஏறத்தாழ 1 என்றால் கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். டி 4303 கணக்கில் 4 வரை முதல் தரம், 8 வரை இரண்டாம் தரம், 16 வரை மூன்றாம் தரம், 24 வரை நான்காம் தரம், அதற்கு மேல் ஐந்தாம் தரம். கருவி வாங்கும் செலவுக்கு நல்ல காகிதம் வாங்குங்கள் என்பது என் கட்சி.

என் அட்டையில் பழைய ஊதாவின் நீர்த்த முனை மூன்றாம் ஞாயிறு போயிருந்தது. அடர்த்தியான முனை ஆறாவது வாரத்தில் அழுக்கு நீலமானது. பக்கத்தில் பி.பி. 29, பி.வி. 19 கலவை மூன்று மாதம் கழித்தும் மூடிய பாதியோடு ஒட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று என் தங்கையைக் கேட்டேன். தப்பான இடத்தைக் காட்டினாள். அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆய்வுக்கூடம் எப்போது

உங்கள் டியூபுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். தாத்தா காலத்துப் படம், பேரில்லாத வண்ணம், அல்லது விலைமதிப்பான நவீன ஓவியம் என்றால்தான். அங்கே செய்வதை முன்பே தெரிந்துகொண்டால் என்ன கேட்பது என்று தெரியும்.

எக்ஸ்கதிர் ஒளிர்வு, எக்ஸ்.ஆர்.எஃப்., படத்தைத் தொடாமலே தனிமங்களைச் சொல்லும். காட்மியம், கோபால்ட், இரும்பு, குரோமியம் எல்லாம் அகப்படும். டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது 1920-களை ஒட்டி. 1890 என்று தேதி போட்ட படத்தின் அசல் பூச்சில் டைட்டானியம் தெரிந்தால் கையெழுத்தை மறுபடி பாருங்கள். ஆனால் கார்பன், ஹைட்ரஜன் மாதிரி லேசான தனிமங்கள் இதன் கண்ணில் படாது, ஆகவே குயினாக்ரிடோன் போன்ற கரிம நிறமிகள் தப்பிவிடும். அவற்றுக்கு ராமன் நிறமாலை. லேசர் பட்டுச் சிதறும் ஒளியில் மூலக்கூறின் கைரேகை தெரியும், சர் சி.வி. ராமன் 1928-இல் கண்டது. ஒளிரும் சாயங்கள் சில சமயம் அந்தக் கைரேகையைத் தங்கள் பளபளப்பில் மறைத்துவிடும். நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பான் ஆயிலா அக்ரிலிக்கா என்று அறிய அகச்சிவப்பு நிறமாலை. சாயங்களைப் பிரித்துப் பெயர் சொல்ல எச்.பி.எல்.சி. என்ற திரவப் பிரிப்பு முறை; அதற்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு மாதிரியாவது கிள்ள வேண்டும். நீங்களே பிளேடால் சுரண்டிக் கொண்டுபோகாதீர்கள்.

வெளுக்குமா என்று நேரடியாகக் கேட்க நுண்வெளுப்புச் சோதனை இருக்கிறது. பால் விட்மோரும் குழுவினரும் 1999-இல் கொண்டுவந்தது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளியில் செனான் ஒளியைப் பாய்ச்சி, சில நிமிடத்தில் நிறம் நகர்வதை அளந்து, கண்ணுக்குத் தெரியும் முன் நிறுத்திவிடுவார்கள்.

தமிழ்நாட்டிலேயே என்றால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. 1930-களிலேயே அங்கே எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் நிறமியையும் சுண்ணப் பூச்சையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தார். லக்னோவில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது.

ஆய்வு எல்லாம் முடிந்த பிறகும் ஓடிய நிறம் திரும்பாது. அமெரிக்க ஓவியர் ரோத்கோ 1960-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த பெரிய ஓவியங்களில் லித்தோல் சிவப்பு, பி.ஆர். 49, கலந்திருந்தது. வெயில் கொட்டும் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். 1979-க்குள் எல்லாவற்றையும் கழற்றி இருட்டறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மேலே வண்ணம் பூசித் திருத்தினால் ஓவியமே கெட்டுவிடும். அதனால் 2014-இல், ஓடிப்போன நிறத்தை மட்டும் கணக்கிட்டு, புரொஜெக்டர் மூலம் ஒளியாகப் படத்தின் மேல் விழச் செய்து காட்சிக்கு வைத்தார்கள். அந்தக் கண்காட்சி நடந்த நாட்களில் மாலை நான்கு மணிக்குப் புரொஜெக்டரை அணைத்தார்கள். அதுவரை செஞ்சிவப்பாக இருந்த ஓவியம், எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் வெளிறிப்போனது.

மாட்டும்போது

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், ஜன்னல் இருக்கும் அதே சுவர் நல்லது. வாட்டர்கலருக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ்தான் தருவார்கள். வீட்டில் அது இருட்டு, 100-150-க்குள் வைத்தால் சரி. சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் நம் ஊர்ச் சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். படத்தின் பின்பக்கம், பென்சிலில், பயன்படுத்திய குறியீடுகளும் மாதமும் எழுதுங்கள். வாங்கியவரிடம் அதைக் காட்டியும் கொடுங்கள்.

அக்காவுக்கு அதே சரிவை மறுபடி வரைந்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பின்னால் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "இது என்னப்பா, பஸ் நம்பர் மாதிரி?" என்றார். சொன்னேன். பழைய படத்தைத் திருப்பிக் கேட்டதற்குத் தரவில்லை. மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சம் வராத மூலையில் மாட்டியிருக்கிறார். அது மூடுபனிப் படமாம், நன்றாகத்தான் இருக்கிறதாம்.